பாட்டுக்கார அண்ணனைப் பற்றி அவர் மகனுக்கு

தம்பி, உன் கேள்வியைப் படித்தேன். அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறீர்கள். பக்தி, சேவை, பாட்டு, குடும்பம் என்று நான்கு தலைப்பு போட்டாயிற்று, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை. "டீச்சர், அப்பாவை உங்களுக்கு ரொம்ப வருசமாகத் தெரியும், என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறாய். சுருக்கமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நீளமாகவே எழுதுகிறேன், உன் அக்காவுக்கும் தங்கைகளுக்கும் அனுப்பிவிடு.

முதலில் அந்த நான்கு தலைப்பையும் எடுத்துவிடு. எழுத்து நகராததற்கு அதுதான் காரணம். உன் அப்பாவிடம் அந்த நான்கும் தனித்தனியாக இருந்ததே இல்லை. அவர் செய்த சேவையில் முக்கால்வாசி பாட்டாகவே நடந்தது, அந்தப் பாட்டில் முக்கால்வாசி கோயிலில் நடக்கவில்லை, சாவு வீட்டிலும் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் சம்பள நாள் சாயங்காலத்திலும் நடந்தது, அதெல்லாம் நடக்கட்டும் என்று உன் அம்மா ரப்பர்க் காட்டில் அவருக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரையையும் சேர்த்துப் பால் வெட்டினார். இதைப் பிரித்துப் பிரித்து எழுதினால் "சிறந்த பக்திமான், அன்பான கணவர், பாசமிகு தந்தை" என்று எந்த வீட்டு மலரிலும் இருக்கிற வரிகள்தான் வரும். பெயரை மாற்றினால் வேறொருவருக்கும் பொருந்தும். உன் அப்பாவுக்கு மட்டும் பொருந்துகிறதை எழுது.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதில் சில உனக்கே தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் அண்ணன் தன்னைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை.

உன் தாத்தாவை ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனபோது அப்பா கைக்குழந்தை. அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பி வரவில்லை, உன் தாத்தாவும் வரவில்லை. எங்கே இறந்தார், என்றைக்கு இறந்தார் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் அவருக்குக் கருமாதியும் நடக்கவில்லை, திவசத்துக்குத் திதியும் இல்லை. உன் பாட்டி பல வருடம் தாலியைக் கழற்றாமலே இருந்து, அப்புறம் ஒரு ஆடி அமாவாசைக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் படையல் போட்டார். அந்தப் படையலுக்கு எதையாவது பாடச் சொல்லி மகனைத்தான் நிற்க வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊர்க் கோயிலில் ஓதுவார் பாடிக் கேட்டவர், ஒரே ஒரு தேவாரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். உன் அப்பா பாடிய முதல் பாட்டு அது.

நான் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, அவரோடு ஞாயிற்றுக்கிழமைத் தேவார வகுப்பு நடத்தத் தொடங்கிய காலத்தில், "ஏண்ணே ஒரு சாவு விடாமப் போறீங்க, மறுநாள் வேலை இருக்கே" என்று கேட்டேன். "எங்கப்பாவுக்கு யாரும் பாடல டீச்சர்" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் அவர் பேசியதில்லை. மலரில் வேறு எதை விட்டாலும் இதை விடாதே. அவருடைய பக்தியைப் பற்றி யார் எவ்வளவு எழுதினாலும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவர் எப்படி இவ்வளவு பாட்டுக் கற்றார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகளைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டுக் கொன்ற பிறகுதான் நாட்டில் அவசரகாலம் வந்தது, 1960 வரைக்கும் நீடித்தது. காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். சாயங்காலம் ஆனால் ஊரடங்கு, வேலியைத் தாண்ட முடியாது. பெரியவர்களுக்கு அது ஜெயில் வாசம். ஆனால் அந்த அடைபட்ட சாயங்காலங்களில்தான் அந்தத் தஞ்சாவூர்ப் பெரியவர் மாரியம்மன் கோயில் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்து, ராத்திரி விளக்கணைக்கிற வரை பாடம் சொல்லியிருக்கிறார். புத்தகம் இல்லை, பண் பெயர் இல்லை, அவர் ஒரு அடி சொல்வார், இவர்கள் திருப்பிச் சொல்வார்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்த உன் அப்பாவுக்கு ஐம்பது அறுபது பதிகம் மனப்பாடம் இருந்ததற்கு அந்த ஊரடங்குதான் காரணம். அப்பாவின் தலைமுறையைப் பற்றி எழுதும்போது அவசரகாலத்தைக் கஷ்டம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகாதே, அதற்குள் இதுவும் இருந்தது.

குரலைப் பற்றி எல்லோரும் "இனிமையான குரல்" என்று எழுதித் தருவார்கள். போடாதே, அது உண்மை இல்லை. கனத்த குரல், கொஞ்சம் கரகரப்பு, மேல் சுருதிக்குப் போகாது. அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது. கூட்டத்தில் இருக்கிற பாட்டிமார்களுக்கு எந்த உயரத்தில் குரல் எழும்புமோ அந்த உயரத்தில் எடுப்பார். ஒரு அடியைப் பாடிவிட்டு மூச்சு விடுகிற மாதிரி ஒரு இடைவெளி விடுவார், அந்த இடத்தில் மற்றவர்கள் தானாகவே சேர்ந்துகொள்வார்கள். நன்றாகப் பாடுகிற இளைஞன் யாராவது சங்கதி போட்டுக் குரலை வளைத்துக் காட்ட ஆரம்பித்தால் ஜால்ராவை நிறுத்திவிட்டு அவனையே பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். பாட்டு என்பது தான் பாடுவது இல்லை, மற்றவர்களைப் பாட வைப்பது என்று இருந்தவர். நான் பல மேடைகளில் பெரிய வித்வான்களைக் கேட்டிருக்கிறேன், இப்படிக் கூட்டத்தையே பாடகராக்குகிற ஆளை அதிகம் பார்த்ததில்லை.

எதற்கு எந்தப் பாட்டு என்பதில் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குத் திருநீற்றுப் பதிகம், சம்பந்தர் பாண்டியனின் வெப்பு நோய்க்குப் பாடியது. வயிற்று வலி, ஆபரேஷன் என்றால் அப்பர் தன் சூலை நோய்க்குத் திருவதிகையில் பாடிய பதிகம், நான்காம் திருமுறையில் முதலாவதாக இருப்பது. யாராவது தோட்டத்தை விட்டு வெளியூருக்குக் கிளம்பினால் கோளறு பதிகம். நீ கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்று முணுமுணுத்தாரே, அதுதான். கோயில் பூசை முடிந்ததும் பஞ்சபுராணம், தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்தும் வரிசை மாறாமல் பாடுவார். மார்கழியில் திருவாதிரைக்கு முந்தைய நாட்களில் திருவெம்பாவை. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிப்பதற்கு முன்னாலேயே லயம் லயமாகச் சுற்றி வந்துவிட வேண்டும், அந்தக் குளிரில் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வருவது என் வேலையாக இருந்தது. சாவு என்றால் சிவபுராணம், 95 அடியும். அவசரப்படுத்துகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், வேன் வந்துவிட்டது, நேரமாகிவிட்டது என்று. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அதே வேகத்தில் முடிப்பார்.

இந்த அப்பர் பதிகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இது மலருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்குமே முக்கியம். அதன் பண் கொல்லி, இப்போது நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். தோட்டத்தில் அவர்கள் பாடிய மெட்டு அது இல்லை. இன்னும் மெதுவாக, முதல் சீரை நீட்டி, கடைசியில் கிட்டத்தட்ட ஒப்பாரி மாதிரி இறங்குகிற ஒரு மெட்டு. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்கு நம் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தபோது, தோட்டத்து மெட்டில் பாடினால் மதிப்பெண் கிடைக்கவில்லை. உன் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. தருமபுரம் சுவாமிநாதன் ஓதுவாரின் கேசட்டுகளை வாங்கி, வேலை முடிந்து வந்து சாயங்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, பண்ணோடு கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். மாநில அளவு வரைக்கும் போனார்கள். ஆனால் நோயாளி வீட்டில் பழைய மெட்டுத்தான். "அந்த மெட்டுதான் இவங்களுக்குத் தெரியும், இவங்க கூடப் பாடணும்" என்பார். பழைய மெட்டைத் தப்பு என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கடல் கடந்து, புத்தகம் இல்லாமல், காதிலேயே மூன்று தலைமுறை வந்த மெட்டு அது. அதைப் பாடத் தெரிந்தவர்கள் இன்னும் நம் தாமானில், இப்போதைய குடியிருப்பில், இருக்கிறார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மலரை ஒரு மாதம் தள்ளிக்கூடப் போடு, அவர்களைப் பாட வைத்துப் போனில் பதிவு செய்வதைத் தள்ளாதே.

சம்பள நாள் பஜனையைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்கும், ஏன் என்று தெரிந்திருக்காது. கையில் காசு வந்த அன்றைக்கு நேராகக் கள்ளுக்கடைக்குப் போகிற ஆட்கள் எத்தனை பேர் என்று நம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி எந்த வீட்டில் சட்டி உடையும் என்பதும் தெரியும். அண்ணன் யாரிடமும் குடிக்காதே என்று சொன்னதில்லை. சம்பளம் போடுகிற அதே நாள் சாயங்காலம் கோயிலில் பஜனை வைத்தார், சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் தன் செலவில். டோலக் வாசிக்க ஒருவன், ஜால்ராவுக்கு இருவர், பொங்கல் கிண்ட நான்கு பேர் என்று, குடிக்கிற ஆட்களாகப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் வந்தார்கள், வந்தவர்கள் வீட்டுப் பெண்கள் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்கள். அதில் ஒரு டோலக்காரர் இன்னமும் இருக்கிறார், அவரையே கேள், அவர் சொல்கிற மாதிரி என்னால் சொல்ல முடியாது.

பாட்டு இல்லாத சேவையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் பிறந்து பதிவே செய்யாமல் வளர்ந்தவர்கள், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோனவர்கள், இவர்களை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கோலக்கங்சாருக்கும் ஈப்போவுக்கும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார். அன்றைய சம்பளம் போய்விடும். மலாய் விண்ணப்பப் பாரங்களை நிரப்ப என்னிடம் கொண்டு வருவார். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நம்ம ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்று சொன்னபோது, உன் அப்பா இளவட்டம். வீடு வீடாகப் போய்ச் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்ட வைத்திருக்கிறார். அந்தப் பழைய பங்குப் பத்திரம் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும், தேடிப் பார். கோயில் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது, வேண்டாம் என்றார். நிர்வாகம் இரண்டு கோஷ்டியாக உடைந்து முகம் பார்க்காமல் இருந்த காலத்தில் இரண்டு கோஷ்டி வீட்டுச் சாவிலும் பாடிய ஒரே ஆள் அவர்தான். பதவியில் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது.

இப்போது உன் அம்மா. இதை நீ நிதானமாகப் படி.

ஒருவருக்கு ஒரு நிரை, அதில் சில நூறு மரம். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். பால் எடுத்த அளவுக்கும் சேர்த்துத்தான் சம்பளம், தாமதமாகப் போனால் அந்த மாதம் பணம் குறையும். அப்பா சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடிவிட்டு வந்தால் மறுநாள் என்ன நடந்திருக்கும் என்று நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா? உன் அம்மா இன்னும் சீக்கிரம் எழுந்து, உங்களைப் பிள்ளை பார்க்கிற ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு, தன் நிரையை முடித்துக்கொண்டு அவர் நிரையில் பாதியை வெட்டுவார். தோளில் சுமக்கிற காண்டா கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் ஸ்டோருக்கு வருவதை நான் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். வயிற்றில் உன் தங்கை இருந்தபோதும் பார்த்திருக்கிறேன்.

உன் அம்மா அதைச் சிரித்த முகத்தோடு செய்தார் என்று எழுதிவிடாதே. சண்டை நடந்திருக்கிறது. ஒரு தீபாவளிக்கு முதல் நாள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு என்று அவர் கிளம்பிப் போக, பலகாரச் சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதார். "ஊருக்கெல்லாம் இவர்தான் புள்ளையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாள் மத்தியானம் அண்ணன் வந்து, தானே அடுப்பைப் பற்ற வைத்து, முறுக்கு பிழியத் தெரியாமல் பிழிந்து, உங்கள் ஐந்து பேருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தார், உன் அக்காவுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ராத்திரி பாடப் போனால் விடிவதற்கு முன்னால் நேராகக் காட்டுக்கே வந்து தன் நிரையைத் தானே வெட்ட ஆரம்பித்தார், தூக்கம் இல்லாமல். எல்லா நாளும் முடியவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்கு அவர் காது கொடுத்தார். நல்ல குடும்பத் தலைவர் என்று நீ எழுதப் போகிறாயே, அதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி இதுதான்.

அம்மாவிடம் போய் "அப்பாவைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று கேட்காதே, "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு அழுவார், அதோடு முடிந்துவிடும். "அப்பா சாவு வீட்டுக்குப் போன ராத்திரி மறுநாள் நிரையை யாரும்மா வெட்டுனது?" என்று கேள். அப்புறம் நீ குறுக்கே பேசாதே. மலரின் முதல் பக்கத்தில் அப்பா படம் மட்டும் போட வேண்டாம், இருவரும் சேர்ந்து இருக்கிற படமாகப் போடு.

பால்மரத்தை வெட்டித் தள்ளிச் செம்பனை போட்டு, அப்புறம் அதையும் வீடமைப்புக்கு விற்று, லயத்தைக் காலி செய்யச் சொன்ன காலம் உனக்கே தெரியும். அப்போது அவர் கையில் இருந்தது ஐம்பத்தைந்து வயதில் எடுத்த சேமநிதிப் பணம் மட்டும். கோயிலைப் புது இடத்தில் கட்டப் பெரிய தொகை தருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், இவ்வளவு பாடுகிறவர் தராமல் இருப்பாரா என்று. அவர் தாமான் வீட்டுக்கு முன்பணம் கட்டினார், கோயிலுக்கு ஒரு சின்னத் தொகைதான் கொடுத்தார். பேசினார்கள், நானும் கேட்டேன். "ஆத்தா எங்க வச்சாலும் இருப்பா, இதுங்க எங்க போகும் டீச்சர்?" என்றார். அந்த வீட்டில்தான் நீங்கள் ஐந்து பேரும் படித்து முடித்தீர்கள். புதுக் கோயில் எழும்பியபோது ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை விடாமல் கல்லும் மண்ணும் சுமந்தார், அதுவும் உண்மை. பணம் கொடுக்காததையும் மறைக்காமல் எழுது, அவர் வெட்கப்பட்ட விஷயம் இல்லை அது.

கடைசி இரண்டு வருடம் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாய். பக்கவாதத்தில் பேச்சு போன பிறகு உங்கள் பெயர்கூட அவருக்கு வாயில் வரவில்லை, ஆனால் சிவபுராணம் முதலடி எடுத்துக் கொடுத்தால் வார்த்தை பிசகாமல் பாடினார். உறவுக்காரர்கள் அதை அற்புதம் என்றார்கள். டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் அது. பேச்சுக்கு வேண்டிய இடது பக்க மூளை அடிபட்டாலும், நெடுநாள் பழகிய பாட்டு அதோடு சேர்ந்து போய்விடாமல் பலருக்கு மிஞ்சும். அப்படிப் பாட வைத்தே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற முறையும் உண்டு. காரணம் தெரிந்ததால் என் மனசில் அது சின்னதாகிவிடவில்லை. ஆயிரக்கணக்கான தடவை பாடியிருந்தால்தான் அப்படி மிஞ்சும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு பதிகத்தின் ஒரு அடியைப் பாடிப் பதில் சொல்வாரே, எந்த அடி என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதி வை. அதை யாரும் உனக்கு வேறு இடத்திலிருந்து எடுத்துத் தர முடியாது.

அப்புறம் அந்த 555 நோட்டு, கைக்கு அடக்கமான சின்னக் குறிப்பேடு. இதைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும், கடைக்கணக்கு என்று நினைத்திருப்பாய். அவர் போய்ப் பாடிய ஒவ்வொரு சாவையும் அதில் எழுதியிருக்கிறார், பெயர், எந்த லயம், தேதி. திதி பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் வருவார், நான் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வேன், பக்கத்திலேயே எழுதிக்கொள்வார். வருடம் திரும்பும்போது அந்த வீட்டுக்குப் போய், "அடுத்த வாரம் உங்கப்பா திவசம் வருது" என்று நினைவுபடுத்துவார். தோட்டம் கலைந்து ஆட்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போன பிறகும் போன் போட்டுச் சொன்னார். சின்ன வயதில் தன் வீட்டில் இல்லாமல் போன அந்தத் தேதியை ஒரு தோட்டத்துக்கே எழுதி வைத்திருக்கிறார். இன்று அந்தத் தோட்டம் வரைபடத்தில்கூட இல்லை. அங்கே வாழ்ந்து இறந்தவர்களின் பட்டியல் வேறு யாரிடமாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நோட்டு இருக்கிறது என்று தேடு, எல்லாப் பக்கத்தையும் படம் எடு. மலரில் அதைப் போடுவதானால் அந்தந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு பெயரும் தேதியும் மட்டும் போடு. சிலர் எப்படி இறந்தார்கள் என்றும் அவர் குறித்திருப்பார், அது வெளியே போகக் கூடாது.

எப்படிச் சேகரிப்பது என்றும் கேட்டாய். தேதிகளுக்கு அடையாள அட்டையை மட்டும் நம்பாதே, தோட்டத்துப் பிறப்புகள் பல தாமதமாகப் பதிவானவை. அட்டையில் இருப்பது பதிவு செய்யப் போன நாளைக் கொண்டு போட்டதாகக்கூட இருக்கலாம். பழைய திருவிழா நோட்டீசுகளை யாராவது சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள், அதில் உபயம், பஜனைக் குழு என்று பெயரும் வருடமும் இருக்கும், எனக்குத் தெரிந்து இதைவிட நம்பகமான ஆதாரம் தோட்டத்து ஆட்களுக்குக் கிடையாது. தொழிற்சங்க அட்டை, சம்பளச் சீட்டு எது கிடைத்தாலும் எடுத்து வை. அவர் பாடிய கேசட்டுகளை ஆர்வக்கோளாறில் உடனே பழைய ரேடியோவில் போட்டுவிடாதே. நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கும், பழைய மெஷின் இழுத்து அறுத்துவிடும். ஈப்போவில் இதை மாற்றிக் கொடுக்கிற கடை இருக்கிறதா என்று விசாரித்து அங்கே கொடு, முதல் தடவை ஓட்டும்போதே பதிவாகட்டும்.

மலர் பெரியதாக வேண்டாம். அவர் வாழ்க்கையை உங்களில் ஒருவர் தொடர்ச்சியாக எழுதட்டும், ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுதினால் ஐந்து பேரும் ஒன்றையே எழுதுவீர்கள். அம்மா சொன்னது அம்மா பேச்சிலேயே வரட்டும், திருத்தாதே. அவர் அடிக்கடி பாடிய பதிகங்கள் ஏழெட்டை முழுசாகப் போடு, பெரிய எழுத்தில், வயசானவர்கள் படிக்கிற மாதிரி. பண் பெயரும் எந்தத் திருமுறை என்பதும் நான் சரிபார்த்துத் தருகிறேன். பக்கத்தில் கியூஆர் குறி போட்டுக் கேசட் குரலையும் தாமான் பாட்டிமார்கள் பாடியதையும் கேட்கிற மாதிரி செய்துவிடு, உன் மகளுக்கு அதெல்லாம் தெரியும். தலைவர்களின் வாழ்த்துரை, படத்தோடு அரைப்பக்கம், எதுவும் வேண்டாம். கேட்டு வருவார்கள், மறுத்துவிடு.

இந்த வாரம் முதல் வேலையாக டோலக்காரரைப் பார். அவருக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி, அதனால் மற்ற நாளில் காலை பத்து மணிக்கு மேல் போ, பசியாற ஏதாவது வாங்கிக்கொண்டு போ. நோட்டுகள் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் என் வீட்டுக்குக் கொண்டு வா. அவர் கையெழுத்தில் சில பெயர்கள் உனக்குப் புரியாது, நான் படித்துச் சொல்கிறேன், பழைய பஞ்சாங்கங்களும் என்னிடம் இருக்கின்றன. அம்மாவையும் கூட்டி வா.